தளர்ந்த கயிறு

அந்த மாமி நடந்ததைவிட நின்றதைத்தான் எங்கள் தெருவில் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். மைசூர் விஜயநகரில் என் தையல் கடைக்கு எதிரே ரோடு கொஞ்சம் மேடேறும். அந்த மேட்டில், காலை வெயில் ஏறுகிற நேரத்தில், கையில் நாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போகாமல் நின்றுகொண்டிருப்பார். ஸ்கூட்டர்கள் வளைத்துக்கொண்டு போகும். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும். மாமி அசையமாட்டார். கயிற்றின் அந்த முனையில், வெள்ளை உடம்பும் காப்பிக்கொட்டை நிறத் திட்டுகளுமாக ஒரு நெட்டை நாய், நாலு காலையும் ஊன்றி, நாக்குத் தொங்க இழுத்துக்கொண்டிருக்கும்.

நாய் உங்களை வாக்கிங் கூட்டிக்கொண்டு போகிறதா ஆன்ட்டி என்று கன்னடத்தில் கேட்காத ஆள் தெருவில் இல்லை. மாமி ஒவ்வொருவரிடமும் முதல் தடவை கேட்பது போலச் சிரிப்பார். "ஆமாம், எங்க போறோம்னுதான் அது இன்னும் சொல்லலை," என்பார்.

கயிறு விறைத்தால் நின்றுவிடுவது, தளர்ந்தால் ஓர் அடி வைப்பது. இவ்வளவுதான் மாமியின் பாடம். இழுத்து இழுத்து அலுத்துப்போய் நாய் எப்போதாவது திரும்பும். கயிறு தொய்யும். உடனே மாமி, "பக்கத்துல," என்று சொல்லி ஓர் அடி வைப்பார். மறுநிமிடம் எங்கேயோ ஒரு புறா இறக்கையைத் தட்டும், நாய் பாயும், கயிறு விறைக்கும், மாமி நின்றுவிடுவார். அவர்கள் வீட்டு கேட்டிலிருந்து அடுத்த மின்கம்பத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்து முடித்துவிடுவேன்.

நாய் வருவதற்கு முன்னாலேயே எனக்கு மாமியைத் தெரியும். அப்போதும் அவர் இப்படித்தான். ஒரு கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துத் தருவதாகச் சொல்லி நான் தைக்காமல் விட்டுவிட்டேன். மற்றவர்களாக இருந்தால் கடையே இரண்டுபட்டிருக்கும். மாமி வந்தார், பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ தை. நான் இருக்கேன்."

"திட்டுங்க மாமி, பரவால்லீங்க. பேசாம உட்கார்ந்தா எனக்குக் கையே ஓட மாட்டேங்குது."

"நான் கத்தினா உன் கை நடுங்கும். கழுத்துப் பட்டி கோணிக்கும். போட்டுண்டு கல்யாணத்துல நிக்கப்போறது யார்? நானா, நீயா?"

ரயில்வே ஸ்டேஷனில் ஆட்டோக்காரன் மீட்டருக்கு மேலே கேட்டால் பேரம் பேசமாட்டார். அடுத்த ஆட்டோவுக்கும் போகமாட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு அவன் வண்டி பக்கத்திலேயே நிற்பார். கொஞ்ச நேரத்தில் அவனே, "ஹத்தம்மா, ஹத்து," ஏறும்மா, ஏறு என்று ஏற்றிக்கொள்வான். "அவசரம் அவனோடது. கால் என்னோடது," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் கொள்ளேகாலில் எட்டாவதோடு நின்றவள். கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கித்தான் என் படிப்பு. மாமியிடம் பொறுக்கியதுதான் அதில் அதிகம்.

அவர்கள் மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். மாமா பாங்க்கில் இருந்தவர். பாதி சர்வீஸ் குடகில். அங்கே காப்பித் தோட்டக்காரர்கள் லோன் விஷயமாக வீட்டுக்கு அழைப்பார்களாம். அந்த வீட்டு வாசல்களில் துப்பாக்கியோடு காட்டுக்குப் போகிற சாதி நாய்கள் படுத்திருக்குமாம். பறவை இருக்கிற புதரைப் பார்த்ததும் ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கி, மூக்கை நீட்டி, சிலை மாதிரி நின்று காட்டிக்கொடுக்கும் பாயின்டர் நாய்கள். மாமாவுக்கு அந்த நிற்பின் மேல் தீராத மோகம். ரிட்டயர் ஆகி மைசூருக்கு வந்து வீடு கட்டிக் குடியேறிய பிறகு, பழகின ஓர் எஸ்டேட்காரரிடம் சொல்லிவைத்து ஒரு குட்டியை வாங்கிவந்தார். 'மேனேஜர்' என்று பேர் வைத்தார்.

"கடைசிவரைக்கும் மேனேஜர் ஆகாம ரிட்டயர் ஆனவர். எத்தனை மேனேஜர் சொன்னதைக் கேட்டேன், இனிமே நான் சொல்றதை ஒரு மேனேஜர் கேக்கட்டும்கறார்," என்றார் மாமி. "அதுவும் கேக்கப்போறதில்லை, பாரு."

அது கேட்கவில்லை. சொல்ல ஆசைப்பட்ட மாமாவுக்கோ, குட்டி வளர்ந்து நெட்டையாவதற்குள், என்ன சொன்னோம் என்பதே மறக்கத் தொடங்கியிருந்தது.

முதலில் சாவியை மறந்தார். பிறகு மத்தியானம் சாப்பிட்டதை. அப்புறம் ஒரு நாள் காலையில் பேண்ட் சட்டை போட்டு பெல்ட் கட்டி, ரிட்டயர் ஆகி வருஷக்கணக்கான பாங்க்குக்குக் கிளம்பினார். அன்றிலிருந்து தினமும் கிளம்புவார். வேக நடை. தடுத்தால் கோபம் வரும், கையைப் பிடித்தால் உதறுவார். நடக்கவிட்டால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு சாந்தமாகிவிடுவார். அதனால் மாமி கூடவே போக ஆரம்பித்தார். நாயையும் காலையில் வெளியே கொண்டுபோயாக வேண்டும். வலது பக்கம் மாமா, இடது பக்கம் மேனேஜர். யுகாதிக்கு ஹைதராபாத்திலிருந்து பிள்ளை வந்திருந்தபோதுதான் அது நடந்தது. மூலையில் தானியம் போடுகிற இடத்தில் புறாக்கள் கூட்டமாக எழும்பின. மேனேஜர் இடது பக்கம் பாய்ந்தான். மாமி முழங்கை தேய விழுந்தார். மாமா நிற்காமல் வலது பக்கம் திரும்பி பஸ் போகிற மெயின் ரோட்டுக்குள் இறங்கிவிட்டார். பழவண்டிக்காரர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டுவந்தார்.

பிள்ளை நல்ல பிள்ளைதான். பயந்துவிட்டான். மாமி மறுநாள் கடையில் உட்கார்ந்து அவன் சொன்னதை அப்படியே சொன்னார்.

"தசராவுக்கு வருவேன், அதுக்குள்ள மூணு பேரும் ஒழுங்கா நடந்து காட்டுங்கோங்கறான். இல்லேன்னா நாயை எஸ்டேட்டுக்கே அனுப்பிடறது, அப்பாவை ஹைதராபாத்ல ஒரு ஹோம்ல சேர்த்துடறது. ரொம்ப நல்ல இடமாம். கதவெல்லாம் பூட்டிண்டு பத்திரமா இருக்குமாம்."

கொஞ்ச நேரம் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"கதவைப் பூட்டினா அவர் கதவையே பாத்துண்டு நிப்பார்டி. எனக்குத் தெரியும்."

"நாயை மட்டும் அனுப்பிட்டா ஆகாதுங்களா மாமி? மாமாவை நீங்க பாத்துக்கலாமே?"

"என் பேர் அவருக்கு மறந்துபோச்சு. நேத்து என்னை யாரும்மான்னு கேட்டார். அது பேரை மட்டும் மறக்கலை. எழுந்த உடனே மேனேஜர் வந்தாச்சாங்கறார். அதையும் அனுப்பிட்டா, இந்த ஆத்துல அவருக்குத் தெரிஞ்சவா யார் இருக்கா?"

அப்படித்தான் அந்த நிற்பு தொடங்கியது.

ஆரம்பத்தில் ஒரு ட்ரெய்னரை வரவழைத்துப் பார்த்தார். பையன் பளபளவென்று ஒரு இரும்புச் சங்கிலியோடு வந்தான். நாய் முன்னால் போனதும் ஓர் உதறு உதறினான். நாய் கத்தியது. வாசல் நாற்காலியில் ஏதோ யோசனையில் இருந்த மாமா விருட்டென்று எழுந்து, "யாருய்யா அது, என் மேனேஜர் மேல கை வைக்கிறது?" என்றார். மாமி அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். "இழுத்தா அது இழுக்கறதைத்தான் கத்துக்கும்பா. அதுக்கு அது ஏற்கெனவே தெரியும்," என்று அவனிடம் சொன்னாராம்.

சங்கிலி வேண்டாம், சரி. ஆனால் பக்கத்தில் நடந்தால் நாய்க்கு என்ன லாபம்? வாய்க்கு ஏதாவது வேண்டும். மாமி கொப்பரைத் துண்டு கொடுத்துப் பார்த்தார். வெண்பொங்கல் உருண்டை கொடுத்துப் பார்த்தார். தோட்டத்தில் ஆட்டெலும்பு கடித்த வம்சம் அது. மரியாதைக்கு வாயில் வாங்கி ஓரமாகத் துப்பிவிட்டது. ஒரு நாள் என் டிபன் டப்பாவிலிருந்த அவித்த முட்டையின் பக்கம் அது திரும்பி நின்ற அழகைப் பார்த்தோம். ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, மூச்சு விடாமல்.

மாமியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எங்காத்துத் தளிகை உள்ளுக்குள்ள அது வராது," என்றார். சமையலறையைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

"நான் அவிச்சுத் தர்றனுங்க."

"கையால தொடமாட்டேன்."

"உறை போட்டுக்குங்க. ஆஸ்பத்திரில போடுவாங்களே, அது."

நான் ரெக்ஸினில் ஒரு சின்னப் பை தைத்து, இடுப்பில் இடது பக்கம் கட்டிக்கொள்ள நாடா வைத்துக் கொடுத்தேன். விடிந்ததும் முட்டையை அவித்துப் பொடித்துக் கொண்டுவருவேன். மாமி நாமம் இட்டுக்கொண்டு, பெருமாளைச் சேவித்துவிட்டு, இடுப்பில் முட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். "அவருக்குத் தெரியும்," என்று மேலே கை காட்டுவார். "யார்ட்டயும் சொல்லமாட்டார்." எல்லாம் மறந்துபோன மாமாவுக்கு மூக்கு மட்டும் மறக்கவில்லை. என்ன வாசனை என்று கேட்டிருக்கிறார். "பாங்க் கான்டீன் பக்கத்துல வந்துட்டோம்," என்று மாமி சொன்னதும் திருப்தியாகத் தலையாட்டினாராம்.

மழைக்காலம் தொடங்கின பிறகு ஒரு காலையில் மாமி கடைக்குள் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பாத்தியா? பாத்தியா?"

"என்னங்க மாமி?"

"புறா எழுந்தது. இவன் காலைத் தூக்கினான். நான் நின்னேன். இவன் புறாவைப் பாக்கலைடி. திரும்பி என் மூஞ்சியைப் பாத்தான்!"

மேனேஜர் அவர் இடது காலோடு ஒட்டி நின்று இடுப்புப் பையை முகர்ந்துகொண்டிருந்தான். கயிறு நடுவில் தொட்டில் சேலை மாதிரித் தொங்கியது.

மாமா விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு நாள் என் கடை வாசலிலேயே நடந்தது. மாமி அவர் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். அவர், "கையை விடும்மா! யாரு நீ? பாங்க்குக்கு நாழியாச்சு," என்று கத்துகிறார். நாலு பேர் கூடிவிட்டார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் செல்போனை எடுத்துவிட்டார். மாமியின் முகம் சிவந்து போயிற்று. சட்டென்று கையை விட்டார். நின்றுவிட்டார். நாயிடம் நிற்பாரே, அதே மாதிரி.

மாமா வேகமாகப் போனார். நான் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடத் தயாரானேன். மாமி, வேண்டாம் என்று கையைக் காட்டினார். மாமா மேடு ஏறி, மின்கம்பம் வரை போய், நின்றார். பின்னால் காலடிச் சத்தம் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பினார்.

"வரலையா?" என்றார்.

மாமி போய்ச் சேர்ந்துகொண்டார். அன்று மத்தியானம் கடையில் வந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் மாமாவின் உடம்பை நினைத்து அழுகிறார் என்று நினைத்து ஏதோ சமாதானம் சொன்னேன்.

"அதுக்கில்லைடி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் முன்னாடி போவார், நான் மூச்சு வாங்கிண்டு பின்னாடி ஓடுவேன். கோவில்ல, கடைத்தெருவுல, குடகு மழையில. ஒரு நாளும் திரும்பிப் பாத்தது இல்லை. இன்னிக்குத்தான் வரலையான்னு கேட்டார். யார்ட்ட கேக்கறோம்னு தெரியாமத்தான் கேட்டார்."

தெருவில் பேச்சு வராமல் இருக்குமா? பக்கத்து வீட்டு அம்மாள், புருஷனுக்கும் நாய்க்கும் ஒரே ட்ரெய்னிங்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன். மாமி கொஞ்சம்கூடச் சுருங்கவில்லை.

"ரெண்டு பேரும் என்னை விட்டுட்டு முன்னாடி ஓடறவாதான். ஒருத்தருக்கு முட்டை. இன்னொருத்தருக்கு என்ன குடுத்தா பக்கத்துல நடப்பார்னு தெரிஞ்சா சொல்லுங்கோ, அதையும் கட்டிக்கறேன் இடுப்புல."

தசராவுக்குப் பிள்ளை வந்தான். ஊரெல்லாம் விளக்குப் பார்க்கப் போகிற நாளில், எங்கள் தெருவில் நாங்கள் வேறு ஊர்வலம் பார்த்தோம். மாமா வலது பக்கம், மேனேஜர் இடது பக்கம், நடுவில் மாமி. பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பின்னால். பூங்கா வரை போனார்கள். புறாக்கள் எழும்பின. மேனேஜர் ஒரு காலைத் தூக்கினான், உடம்பு நடுங்கியது, இறக்கிவிட்டு மாமியின் முகத்தைப் பார்த்தான். மாமா இரண்டு தடவை முன்னால் போய் இரண்டு தடவையும் நின்று திரும்பினார். பிள்ளை என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "சரிம்மா," என்றான்.

அதற்குப் பிறகு வந்த கொஞ்ச நாட்கள்தான் நான் பார்த்ததில் மாமிக்கு நல்ல நாட்கள். ஒரு நாள் விளையாட்டாகக் கயிற்றை மாமாவின் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மாமா, மாமி சொல்கிற மாதிரியே, "பக்கத்துல," என்றாராம். மேனேஜர் அவர் இடது காலோடு ஒட்டிக்கொண்டான். அவர் நின்றால் நின்றான், நடந்தால் நடந்தான். பிறகு சாயங்காலங்களில் இருவரையும் தனியாக அனுப்பிவிட்டு மாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். தெருமுனையில் பூக்காரம்மா இருப்பார். அவர், "திரும்புங்க சாமி," என்பார், இருவரும் திரும்பி வருவார்கள். "இனிமே நான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்," என்றார் மாமி. "அவர் வழியை மறந்தாலும் இவன் மறக்கமாட்டானே." நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன். தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், மாமி குளித்துவிட்டு வந்தபோது கேட் திறந்து கிடந்தது. ஆணியில் கயிறு இல்லை. பூக்காரம்மா அந்நேரத்துக்கு வருவதில்லை.

நாங்கள் எல்லோரும் தேடினோம். தெருவில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கேட்ட இடமெல்லாம், பார்த்தோம் என்றே சொன்னார்கள். டீக்கடையில் பார்த்திருக்கிறார்கள். பெட்ரோல் பங்க்கில் பார்த்திருக்கிறார்கள். டிராபிக் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி ரோட்டைக் கடக்கவே விட்டிருக்கிறார். சட்டையை டக் இன் செய்து, பெல்ட் கட்டி, நிமிர்ந்து நடக்கிற பெரியவர். பக்கத்தில் முட்டிக்கு முட்டி ஒட்டி நடக்கிற நாய். கயிறு தளர்ந்து தொங்குகிறது. இதில் வழி தவறியவர் என்று யாருக்குத் தோன்றும்? "நாயி எஷ்டு சென்னாகி நடீதித்து," என்றார் டீக்கடைக்காரர். நாய் எவ்வளவு அழகாக நடந்துபோனது என்று.

ரிங் ரோட்டுப் பக்கம் இளநீர் விற்கிறவர்தான் கடைசியாகப் பார்த்தவர். அவர் சொன்னதை மாமி பக்கத்தில் நின்று கேட்டார். ரோட்டைக் கடக்கும் முன்னால் நாய் நின்றுவிட்டதாம். வந்த வழிப்பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி, பெரியவரின் முகத்தையே பார்த்ததாம். பெரியவர் அதைத் தட்டிக்கொடுத்து ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். நாய் உடனே திரும்பி அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டதாம்.

"என்ன வார்த்தை?" என்று நான் கேட்டேன்.

"தமிழு. பக்கத்துலவோ ஏதோ," என்றார் இளநீர்க்காரர்.

மாமி திரும்பி வண்டிப் பக்கம் நடந்தார். ஸ்கூட்டரில் என் பின்னால் ஏறும்போதுதான், தனக்குத்தானே பேசுவது மாதிரி, "அந்த ஒரு வார்த்தை அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு," என்றார்.

மறுநாள் காலையில், ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்துப் போட்டிருக்கிற ஒரு லேஅவுட்டில் கண்டுபிடித்தார்கள். வீடு எதுவும் வராத இடம். கல் நட்டு, ரோடு மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு மனைக்கல்லில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்த நிலையில் மாமா போயிருந்தார். காயம் எதுவும் இல்லை. குளிரும் அசதியும்தான் என்றார்கள். கயிறு அவர் கையிலேயே சுற்றியிருந்தது. மேனேஜர் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த கட்டட வேலைக் கொட்டகைக்காரர்கள் இரவெல்லாம் நாய்ச் சத்தமே கேட்கவில்லை என்றார்கள். கழுத்துப் பட்டையை அவிழ்த்து விட்டால்தான் எழுந்திருக்கும் போல, அப்படி உட்கார்ந்திருந்தது என்று ஏட்டு சொன்னார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பிள்ளையால் தாங்க முடியவில்லை. அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? "ஒரு தடவை இழுத்திருந்தா போதுமேம்மா! இவ்ளோ பெரிய உடம்பு. ஒரு தடவை ஆத்துப் பக்கம் இழுத்திருந்தா அப்பா வந்திருப்பாரே!" என்று அழுதான்.

"அவனைச் சொல்லாதே," என்றார் மாமி. "அவன் இழுக்கத் தெரிஞ்சுண்டுதான் வந்தான். வேண்டாம்னு சொல்லிக் குடுத்தது நான்."

நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்று சொல்லலாம். சொல்லவும் சொன்னோம், பிறகு, ஆளுக்கொரு நாளாக. மாமி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஒருத்தரோடும் எதிர்த்துப் பேசவில்லை. அவர் இழுத்துப் பேசுகிறவர் இல்லையே.

காலையில் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாய்க்கும் அது தேவைப்படவில்லை. இருவரும் மேட்டைத் தாண்டிப் போய்த் திரும்புவார்கள், அவ்வளவுதான். புறா எழும்பினால் நாய் அவர் முகத்தைப் பார்க்கும். அப்போது மாமி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதைக் கவனித்துவிட்டு நான் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

பிள்ளை அவரைத் தன்னோடு ஹைதராபாத்துக்குக் கூட்டிப்போக முடிவு செய்தான். அடுக்குமாடியில் இவ்வளவு பெரிய நாயை வைத்துக்கொள்ள வழியில்லை. எஸ்டேட்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் தானே ஜீப் ஓட்டிக்கொண்டு வந்தார். நடுவயசு மனிதர், குடகு ஆள். தோட்டத்துத் தமிழ் ஆட்களோடு பேசிப் பேசி வந்த தமிழ். மாமாவின் படத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி வெகுநேரம் நின்றார்.

வெளியே வந்ததும் மாமி கயிற்றை அவரிடம் கொடுத்தார். அந்த மனிதர் சும்மா ஒரு பழக்கத்தில், நாயை மேட்டில் ஏற்றி இறக்கி நடத்திப் பார்த்தார். வேகமாக நடந்தார், மெதுவாக நடந்தார், சட்டென்று நின்றார், திரும்பினார். மேனேஜர் அவர் காலோடு ஒட்டியே வந்தான். கயிறு ஒரு தடவைகூட விறைக்கவில்லை. நாங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எஸ்டேட்காரருக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. மாமா உடம்பு சரியில்லாமல் போனார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். முகமெல்லாம் மலர்ந்து வந்தார்.

"அம்மா, நம்ம தோட்டத்தில எத்தனை நாய் பாத்திருக்கேன் நான். எங்கப்பா காலத்தில இருந்து. இந்த மாதிரி பக்கத்தில நடக்கிற பாயின்டர் நான் பாத்ததே இல்ல. யாரும்மா சொல்லிக்குடுத்தது? அவருக்கு ஒரு கும்பிடு போடணும்."

பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் மாமியின் பக்கத்தில் போய் நின்றேன். மாமி குனிந்து மேனேஜரின் நீளக் காதைக் கொஞ்ச நேரம் விரல்களால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இவன் இழுக்கமாட்டான். பயப்பட வேண்டாம்," என்றார். "ஆனா என்னிக்காவது ஒரு நாள் இழுத்தான்னா, அப்ப நிக்காதீங்கோ. எந்த வேலையா இருந்தாலும் விட்டுட்டு அவன் பின்னாடியே போயிடுங்கோ."